காடியின் பயனும் அளவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில், 'இல்லமும் நலமும்' என்ற அரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் இலக்கியச் சுவையை அள்ளி வழங்கினார்கள். நானோ பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவன். காலை முதல் மாலை வரை பார்சல் ரசீதுகளோடும் எடைக் கணக்கோடும் பொழுது கழிக்கும் இரயில்வே எழுத்தன். "வீட்டுக்கு உதவும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, என் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கும் ஒரு புட்டியின் நினைவுதான் எனக்கு வந்தது. அஃது ஆப்பிள் காடிப் புட்டி. அதனால் என் வீட்டில் விளைந்த நன்மைகள் பல. விளைந்த துன்பம் ஒன்று. நன்மைகளை முதலிலும் துன்பத்தை இறுதியிலும் கூறுவேன். அந்த இறுதிச் செய்திக்காகவே இப்பொருளை நான் ஏற்றுக்கொண்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகின்றேன்.

நான் பணிபுரியும் கால்கா நகரம் மலையடிவாரத்தில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1903-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சிம்லா மலை இரயில் பாதை அங்கிருந்துதான் புறப்படுகின்றது. அடுத்துள்ள பர்வானூவைத் தொட்டுவிட்டால் இமாசலப் பிரதேசம். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அவ்வழியே இறங்கும் லாரிகளில் எல்லாம் ஆப்பிள் பெட்டிகளே. சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916-ஆம் ஆண்டில் கோட்கட் மலைப்பகுதியில் அமெரிக்க ஆப்பிள் கன்றுகளை நட்டார். அவர் தொடங்கி வைத்த அப்பயிர் இன்று அம்மலை மக்களின் வாழ்வாக விளங்குகின்றது. நல்ல கனிகள் சந்தைக்குச் செல்கின்றன. அடிபட்டவையும் உதிர்ந்தவையும் சாறு பிழியும் ஆலைகளுக்குச் செல்கின்றன. அவ்வாறு பிழிந்த சாறு புளித்துப் பிறப்பதே ஆப்பிள் காடி.

காடி பிறக்கும் விதம்

காடி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்ற பழமொழியை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். புளித்த கஞ்சிக்கும், புளித்த பழச்சாற்றுக்கும் அப்பெயர் பொருந்தும். இவ்வட நாட்டார் இதனைச் 'சிர்க்கா' என்பர். சாலையோர உணவு விடுதிகளில், சிறு வெங்காயத்தைச் சிவப்பேற ஊறவைத்துச் சப்பாத்தியோடு தருகின்றார்களே, அது சிர்க்காவில் ஊறிய வெங்காயந்தான். கரும்புச் சாற்றிலும் நாவற்பழச் சாற்றிலும் சிர்க்கா செய்யும் வழக்கம் இங்கு நெடுங்காலமாக உண்டு.

இது பிறப்பது இரண்டு படிகளில். முதற்படியில், கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், சாற்றிலுள்ள சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகின்றது. இரண்டாம் படியில், வேறு வகை நுண்ணுயிர்கள் காற்றின் உதவியால் அச்சாராயத்தை அசெட்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இவ்விரண்டும் உயிர்களின் செயல் என்பதை 1860-ஆம் ஆண்டுகளில் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் ஆராய்ந்து நிறுவினார். புட்டியின் அடியில் கலங்கலாக மிதக்கும் ஆடையைக் 'காடித் தாய்' என்கின்றனர். அஃது அந்நுண்ணுயிர்களின் கூட்டமேயன்றி மந்திரப் பொருள் ஒன்றுமில்லை. நம் இட்லி மாவு புளிப்பதும் இவ்வாறு நுண்ணுயிர்களின் வேலைதான். அங்கே பிறக்கும் அமிலம் வேறு, அவ்வளவே.

தாய்மார்கள் இதனை வீட்டிலேயே செய்யலாம். ஆப்பிளின் தோலையும் நடுப்பகுதியையும் கழுவிக் கண்ணாடி ஜாடியிலோ பீங்கான் பரணியிலோ முக்கால் அளவுக்கு இடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை கரைத்து, துண்டுகள் மூழ்குமாறு ஊற்றுங்கள். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். காற்றுப் புக வேண்டும், ஈ புகலாகாது. நாள்தோறும் ஒருமுறை மரக் கரண்டியால் கிளறுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வடிகட்டி, மீண்டும் துணி கட்டி ஒரு மாதம் அல்லது ஒன்றரை மாதம் வைத்தால் காடியாகும். நம் ஊர்க் குளிர்காலத்தில் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். வண்ணப் பூஞ்சணம் படர்ந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள். உலோகப் பாத்திரம் ஆகாது. அமிலம் அதனை அரிக்கும்.

கடையில் வாங்குவோர் சீட்டைப் படித்து வாங்க வேண்டும். நமது நாட்டு உணவுச் சட்டப்படி, காடியில் நூற்றுக்கு 3.75 பங்குக்குக் குறையாமல் அசெட்டிக் அமிலம் இருக்க வேண்டும். பழச்சாறு புளிக்காமல், அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்தது செயற்கைக் காடி எனப்படும். அதனைச் சீட்டில் அவ்வாறே குறிக்க வேண்டும். வீட்டில் செய்த காடியின் வலிமையை நாம் அளந்தறிய இயலாது. ஆதலின் நெடுநாள் வைக்கும் ஊறுகாய்க்கு அதனை நம்ப வேண்டாம். துப்புரவுக்கும் உடனே உண்ணும் உணவுக்கும் அது போதும்.

இல்லத்தில்

எங்கள் குடியிருப்பில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் வருகின்றது. அது கடின நீர். கெட்டிலில் காய்ச்சக் காய்ச்ச, அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு ஓடுபோல் கட்டிவிடும். என் மனைவி தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்துப் போனாள். ஒரு நாள், காடியும் தண்ணீரும் சம அளவு கலந்து கெட்டிலில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். படிவு நுரைத்துக் கரைந்து, உள்பக்கம் புதிய பாத்திரம்போல் விளங்கிற்று. சுண்ணாம்பு காரம், காடி அமிலம். இரண்டும் கூடினால் கரியமில வாயு குமிழியாக வெளியேறும், சுண்ணாம்பு கரையும். இருமுறை நல்ல நீர் காய்ச்சிக் கொட்டியபின் தேநீருக்குப் பயன்படுத்தலாம்.

குழாய் வாயிலும் குளியலறைத் தூவியிலும் துளைகள் அடைபட்டால், காடியில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் சுற்றி வைத்துப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். பித்தளைக் குத்துவிளக்கை நம் அன்னையர் புளி இட்டுத் துலக்கினார்கள் அன்றோ? புளி கிடைக்காத நாளில் உப்பும் காடியும் சிறிது கோதுமை மாவும் குழைத்துப் பூசி, கால் மணி நேரத்தில் கழுவித் துடைத்தால் அதே பளபளப்பு வரும். மீன் ஆய்ந்த கையின் வாடையும் வெங்காயம் நறுக்கிய பலகையின் வாடையும் காடி பட்டால் பெரிதும் அகலும். மழைக்காலத்தில் பழக்கூடையைச் சுற்றும் சிறு ஈக்களைப் பிடிக்க ஆப்பிள் காடியே தனிச் சிறப்புடையது. ஒரு கிண்ணத்தில் அரை அங்குலம் காடி ஊற்றி, பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு இரண்டு சொட்டு விட்டு வையுங்கள். பழ மணத்துக்கு வரும் ஈ, சோப்பினால் மேற்பரப்பில் நிற்க இயலாமல் மூழ்கிவிடும்.

மற்றத் துப்புரவு வேலைகளுக்கு விலையுயர்ந்த ஆப்பிள் காடி வேண்டியதில்லை. மலிவான வெள்ளைக் காடி அதே வேலையைச் செய்யும், கறையும் படியாது. இவ்வுண்மையைக் கடைக்காரர் சொல்லமாட்டார். ஆதலின் நான் சொல்லுகின்றேன்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது: சலவைக்கல் தரையிலும் கோட்டா கல் தரையிலும் காடியைப் பயன்படுத்தாதீர்கள். அக்கற்கள் சுண்ணாம்பு இனத்தன. கெட்டிலின் படிவைக் கரைப்பது தரையையும் கரைக்கும். முத்து மாலைக்கும் இதே விதி. இரண்டாவது: காடி, நோய்க் கிருமிகளை முற்றும் அழிக்கும் மருந்தன்று. நோயாளி இருக்கும் அறைக்கு உரிய கிருமி நாசினியையே பயன்படுத்துங்கள். மூன்றாவது மிக முக்கியம்: பிளீச்சிங் பவுடரோடும், பிளீச் கலந்த கழிப்பறைத் திரவத்தோடும் காடியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். கதவு மூடிய குளியலறையில் அஃது உயிருக்கே உலை வைக்கும்.

தோட்டத்தில்

மண் தொட்டியின் வெளிப்புறத்தில் பூக்கும் வெள்ளை உப்பைக் காடி கலந்த நீரால் தேய்த்துப் போக்கலாம். துருப்பிடித்த கத்தரியையும் களைக்கொத்தியையும் ஓர் இரவு காடியில் ஊறவைத்துத் தேய்த்தால் துரு நீங்கும். பின்னர்ச் சோடா கலந்த நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். நடைபாதைக் கல்லிடுக்கில் முளைக்கும் இளங்களைகள்மீது நல்ல வெயில் நாளில் காடியைத் தெளித்தால் இலைகள் கருகும். ஆயினும் வேர் சாகாது; கோரை போன்றவை மீண்டும் தழைக்கும்.

களையின் இலையைக் கருக்குவது, நாம் ஆசையோடு வளர்க்கும் செடியின் இலையையும் வேரையும் கருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். என் அண்டை வீட்டு அன்பர் திருநெல்வேலியிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றை இரயிலில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். மூன்று குளிர்காலம் அதற்குச் சாக்குப்பை சுற்றிக் காத்தார். எங்கள் குடியிருப்பிலுள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அச்செடியை நம்பித்தான் தாளித்தோம். "புளித்த மோர் ஊற்றினால் கறிவேப்பிலை செழிக்கும், காடி அதனினும் புளிப்பு" என்று எண்ணி, அவர் ஒரு நாள் இரண்டு குவளைக் காடியைத் தொட்டியில் ஊற்றிவிட்டார். மோரின் புளிப்பு மென்மையானது. அதில் செடிக்கு உணவும் உண்டு. காடியின் அமிலமோ மெல்லிய வேர்களைச் சுட்டுவிடும். ஒரு வாரத்தில் இலை முழுவதும் உதிர்ந்தது. அவ்வீட்டு அம்மையார் உறவினர் ஒருவரை இழந்தவர்போல் அழுதார். தமிழ்நாட்டில் இருப்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். இங்கே வாழும் நமக்கு அதன் அருமை தெரியும்.

அழகுக்கு

கூந்தலுக்குக் காடி ஓரளவு உதவும். கடின நீரில் சோப்பு இட்டுக் குளித்தால் மயிரில் ஒருவிதப் பிசுக்குப் படிகின்றது, கூந்தல் சொரசொரப்பாகின்றது. அரை லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி காடி கலந்து, தலை குளித்தபின் கடைசியாக ஊற்றிச் சிறிது நேரம் கழித்து நல்ல நீரால் அலசினால் அப்பிசுக்கு நீங்கி மென்மை வரும். வாரம் ஒருமுறை போதும். கண்ணில் படலாகாது, தலையில் புண் இருந்தால் அறவே கூடாது. மயிர் வளரும், நரை மாறும் என்பன வெறும் பேச்சு.

முகத்திற்கு மட்டும் வேண்டா என்பதே என் விண்ணப்பம். பரு மறையும், மச்சம் உதிரும் என்று கைப்பேசியில் வரும் செய்திகளை நம்பி, இளம்பெண்கள் நீர் கலவாத காடியைப் பஞ்சில் நனைத்து முகத்தில் வைக்கின்றனர். அஃது அமிலம், தோலைச் சுடும். இவ்வாறு மச்சத்தைப் போக்க முயன்று முகத்தைப் புண்ணாக்கிக்கொண்ட பெண்ணின் வரலாற்றை மருத்துவ இதழ்களே பதிவு செய்துள்ளன. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் 22 பேரைக் கொண்டு ஆராய்ந்தனர். நன்கு நீர் கலந்த ஆப்பிள் காடியில் தோலை நனைத்தும் தோலுக்கு நன்மை விளையவில்லை. அவர்களுள் பெரும்பாலோர்க்கு எரிச்சலே உண்டாயிற்று. மணப்பெண் ஆகவிருக்கும் மகளின் முகத்தை இத்தகைய சோதனைக்கு உட்படுத்தலாமா?

உடல்நலத்திற்கு

தாய்மார்களே! பெரியோர்களே! நான் முதலில் குறிப்பிட்ட துன்பத்தை இனிக் கூறுகின்றேன்.

கெட்டில் பளபளத்தது, விளக்கு மின்னிற்று, என் மனைவியின் கூந்தல் மென்மையாயிற்று. காடியினிடத்து எனக்குப் பற்று மிகுந்தது. என் அன்னையார் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு நோய்க்கு மாத்திரை உண்டு வந்தார்கள். "காலையில் வெறும் வயிற்றில் ஆப்பிள் காடி அருந்தினால் சர்க்கரை நோய் வேரோடு நீங்கும், மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும்" என்று கைப்பேசியில் ஒருவர் உறுதியாகப் பேசினார். படித்தவர்போல் பேசினார். நானே புட்டி வாங்கி வந்தேன். "அம்மா, இதைக் குடியுங்கள்; மாத்திரையைச் சிறிது நாள் நிறுத்திப் பார்ப்போம்" என்று நானே சொன்னேன். மகன் சொல்லைத் தட்டாத தாய் அவர். முகம் சுளித்துக்கொண்டே நாள்தோறும் அருந்தினார்.

மூன்று மாதம் சென்றது. குளிர்காலத்துக்கு வாங்கிய புதிய காலணி அவர் இடக்காலின் சிறுவிரலைக் கடித்திருந்தது. நீரிழிவால் மரத்துப்போன காலில் வலி தெரியவில்லை; உறை அணிந்திருந்தமையால் எங்களுக்கும் தெரியவில்லை. வாடை வந்த பிறகே பார்த்தோம். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. விரல் கறுத்துவிட்டது. அதனை அகற்றித்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது.

மருத்துவர், "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?" என்று சினந்து கேட்டார். நான் கட்டிலருகே நின்றிருந்தேன். என் அன்னையார் என் பக்கம் திரும்பவே இல்லை. தமக்குத் தெரிந்த சிறிதளவு இந்தியில், "நானாகத்தான் நிறுத்தினேன்" என்றார். அப்போது உண்மையைக் கூற எனக்கு நா எழவில்லை. அவர் அன்று மறைத்ததை இச்சபையில் இன்று நான் கூறுகின்றேன். அவர் இதோ, இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். இதனைச் சொல்ல அவரிடம் நேற்றிரவே இசைவு பெற்றேன். "சொல்லு தம்பி, நாலு பேர் மாத்திரையை நிறுத்தாமல் இருப்பார்கள்" என்றார்.

பின்னர் எங்கள் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உணவோடு சிறிது காடி சேர்த்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஓரளவு குறையக்கூடும் என்று சில சிறு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. அஃது உண்மையே. ஆனால் அது மாத்திரைக்கு மாற்றாகாது. உடல் இளைக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமாகப் பலரும் காட்டிய ஆராய்ச்சி ஒன்று 2024-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் கணக்குகள் நம்பத்தக்கவையல்ல என்று கண்டு, வெளியிட்டவர்களே 2025-ஆம் ஆண்டில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். முதற்செய்தி கைப்பேசிகளில் எல்லாம் பரவிற்று. திரும்பப் பெற்ற செய்தியோ எத்தனை பேரை எட்டிற்று?

நீர் கலவாமல் அருந்தினால் பல்லின் மேற்பூச்சு அரியும், தொண்டை புண்ணாகும். சிறுநீர் பிரியும் மருந்து உண்போர் மிகுதியாக அருந்தினால் உடலிலுள்ள பொட்டாசியம் குறைந்து கேடு விளையலாம். ஆதலின் மருந்து உண்போர் எவரும் மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடர்ந்து அருந்த வேண்டா. உணவில் சுவைக்காக, வெள்ளரிக்காயிலும் வெங்காயத்திலும் சிறிது தெளித்து உண்பது போதுமானது.

பார்சல் அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஏற்றத்தக்க எடை இவ்வளவு என்று எழுதியிருக்கும், அதற்குமேல் ஏற்றலாகாது. நாள்தோறும் அவ்விதியைக் கையாளும் நான், என் வீட்டில் அதனை மறந்தேன். கெட்டிலையும் விளக்கையும் துலக்கிய பொருளின்மீது, என் தாயின் நோயையும் ஏற்றிவிட்டேன். காடியின்மேல் குற்றம் இல்லை.

சொந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, மொழி தெரியாத மருத்துவரிடம் செல்ல அச்சம். தமிழில் பேசும் கைப்பேசியிடம் நம்பிக்கை. முதியோர் அச்சம் இன்னும் பெரிது. ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள்: இந்தி அறிந்த நம் இளைஞர்கள், மருத்துவமனைக்குச் செல்லும் தமிழ் முதியோர்க்குத் துணையாக முறை வைத்துச் செல்லலாம். நான் ஞாயிறு தவிர மாதத்தில் இரண்டு விடுமுறை நாள்களை இப்பணிக்கு அளிக்கச் சித்தமாயிருக்கின்றேன். கூடியிருக்கும் அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பெரியோர் மாத்திரையைத் தவறாது உண்கின்றார்களா என்பதை இன்றிரவு வீடு சென்றதும் கேளுங்கள். அவர்களுடைய பாதங்களையும் ஒருமுறை பாருங்கள்.